ஃபிரிட்ஜ் போகும், கை போகாது

ஃபிரிட்ஜை நம் ஊரில் லிட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள். கடைக்குள் காலை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் பார்க்கிறீர்கள்?" என்பது. பால் வாங்க வந்தவரைப் போல நாமும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கிறோம். ஆனால் வீட்டு வாசலில் லிட்டரை யார் மதிக்கிறார்கள்? அங்கே செல்லுபடியாவது அங்குலம். அகலம், ஆழம், உயரம் ஆகிய மூன்றும் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில், அதுவும் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். வீட்டைக் கட்டிய மேஸ்திரியோ அடிக்கணக்கில் கட்டிவிட்டுப் போயிருப்பார். இந்த மூன்று கணக்குகளும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது, பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிய பிறகுதான்.

எங்கள் வீடு வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் சொந்தம் கொண்டாட வேண்டாம், எங்களுக்கும் ஒரு சைதாப்பேட்டை உண்டு. தாத்தா கட்டிய வீடு. ஒன்றரை அடிச் சுவர், மெட்ராஸ் தளம், வெளியே திண்ணை, தலைவாசலைத் தாண்டினால் ஒரு நடை, நடை வலப்பக்கம் திரும்பினால் கூடம். முற்றத்துக்கு மேலே குரங்குகளுக்காகக் கம்பிவலை போட்டிருக்கிறோம். அம்மாவும் நானும் மட்டும்தான் இருக்கிறோம்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நின்றுபோனது. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவதை நான் நிறுத்திவிட்டேன். காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும் என்பதோடு முடித்துக்கொள்கிறேன். அம்மா இந்த மாவு விஷயத்தைப் பெங்களூரில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னார். அக்கா பேச்சில் சுருக்கம், செயலில் வேகம். 600 லிட்டருக்கு மேல் கொள்ளும், இரண்டு கதவுகளும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கிற பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகுதான் சொன்னாள். படத்தைப் பார்த்த அம்மா, "இதற்குள் நம் இருவரையுமே வைத்துவிடலாமே" என்றார்.

அளவைப் பற்றி அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தலைவாசல் மூன்றடி நிலை என்பது வீட்டில் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. தாத்தா அதைச் சொல்லாத நாள் கிடையாது. தேக்கு, மூன்றடி, மேலே கஜலட்சுமி. ஃபிரிட்ஜின் அகலம் 91 சென்டிமீட்டர். மூன்றடியும் ஏறக்குறைய 91 சென்டிமீட்டர்தான். நேராகப் போகாவிட்டாலும், பக்கவாட்டில் திருப்பினால் ஆழம் 72 சென்டிமீட்டர், தாராளமாகப் போகும் என்பது அவள் கணக்கு. காகிதத்தில் அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் மேஸ்திரியும் ஆசாரியும் "மூன்றடி நிலை" என்றால், அது நிலைச்சட்டத்தின் வெளியளவு. சுவரில் எவ்வளவு திறப்பு விட வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை, நாம் எவ்வளவு அகலத்தில் நுழையலாம் என்பதல்ல. பழைய நிலையில் மரம் கொஞ்சமா? ஒரு பக்கத்துக்கு மூன்று அங்குலம் என்று வைத்தாலும், 36 அங்குலத்தில் ஆறு போய் முப்பதுதான் மிச்சம். அதாவது 76 சென்டிமீட்டர். அதோடும் முடியவில்லை. இரட்டைக் கதவைத் திறந்தால் அது காற்றில் கரைந்துவிடுவதில்லை. இந்தக் காலத்துக் கதவாக இருந்தால் கீலில் சுழன்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எங்களுடையது குடுமிக்கதவு. நிலைக்குப் பின்னால் குழியில் நின்று சுழலும். ஒன்றரை அடிச் சுவரின் தடிமனுக்குள்ளேயே இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, பலகையும் குமிழும் வளையமுமாகப் பக்கத்துக்கு நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். மிச்சம் 68. ஃபிரிட்ஜோ 72.

புதிதாகக் கட்டுகிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எழும்பிக்கொண்டிருக்கிற அடுக்கு வீடுகளில் அறைக்கு மூன்றடி, குளியலறைக்கு இரண்டரை அடி என்று வரைபடத்தில் போடுகிறார்கள். இரண்டரை அடியில் சட்டம் போக 25 அங்குலம் கிடைத்தால் பெரிய விஷயம். கதவின் தடிமனையும் கழித்துவிட்டால், வீட்டை விற்றவர் சொன்ன எண்ணுக்கும் நம் தோளுக்குக் கிடைக்கிற எண்ணுக்கும் ஆறு அங்குலம் வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு வேண்டிய அளவை அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பெட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். குட்டி யானை தெருமுனைக்கு மேல் வராது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். இறக்கிக் கொண்டுவந்த பையன்கள் மூன்று கல் படிகளின் மேலே, தலைவாசலுக்கு நேர் எதிரே அதை நிறுத்தினார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், எங்களுக்கு வாசல் வரைதான்" என்று ஒரு பையன் கைபேசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாளெல்லாம் வெயிலில் மாடி மாடியாக ஏறியிறங்குகிறவன். ஆனால், வீட்டு உபயோகப் பொருளை வீட்டு வாசலோடு நிறுத்திவிடுகிற ஒரு விநியோக முறையை யோசித்து எழுதி வைத்த மனிதர் யாரோ ஒருவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார் அல்லவா, அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அம்மாவின் கவலை வேறு. விளக்கு வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை. தலைவாசலை மறித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. "லட்சுமி எப்படி உள்ளே வருவாள்?" என்று கேட்டார். காணொளி அழைப்பில் இருந்த அக்கா, "அம்மா, லட்சுமிதான் வந்து வாசலில் நிற்கிறாள், உங்களால் உள்ளே அழைக்க முடியவில்லை" என்றாள். அம்மா தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் புழக்கடை வழியாகப் போய்த் திண்ணை மாடத்தில் விளக்கை ஏற்றிவைத்தார். அன்று இரவு முழுவதும் நாங்கள் புழக்கடை வழியாகத்தான் போய் வந்தோம்.

கதவைக் கழற்றினால் பெட்டி போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை நிலைக்கதவைக் கழற்ற அம்மா சம்மதிக்க மாட்டார். அதைக் கேட்கவும் நான் துணியவில்லை. சில விஷயங்களில் வாதாடுவதைவிடச் சனிக்கிழமை வரும்வரை காத்திருப்பது சிக்கனம்.

காத்திருந்த அந்த மாலை, தெருவே ஆலோசனை மண்டபமாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர், "கோட்டைக்குள் சாமியையே கொண்டுபோய் வைத்த ஊர் இது, ஒரு பெட்டிக்கா கலங்குவது?" என்றார். அவர் சொன்னது ஜலகண்டேஸ்வரரை. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். எங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எல்லாருமே அன்றைக்கு அங்கே இருந்ததாகத்தான் சொல்வார்கள். பெரியவரும் இருந்தாராம். வண்டி கோட்டை வாசலில் எப்படித் திரும்பியது என்று கையை அசைத்துக் காட்டினார். அதனால் ஃபிரிட்ஜுக்கு ஒரு பயனும் இல்லை என்றாலும், கேட்க நன்றாக இருந்தது.

பக்கத்துத் தெரு மேஸ்திரி வந்து நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நிலையை எடுத்துவிடலாம். அரை நாள் வேலை. அப்புறம் பூசிக்கொள்ளலாம்" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மேற்கொண்டு விலை சொல்லவில்லை. அந்த நிலை வைத்த அன்றைக்கு அடியில் காசும் நவதானியமும் மஞ்சளும் போட்டுப் பூசை செய்திருக்கிறார்கள். நிலைப்படியில் யாரும் உட்கார்ந்ததில்லை, மிதித்ததும் இல்லை. ஒரு சட்னி ஃபிரிட்ஜுக்காக அதைப் பெயர்ப்பதா?

மாமா வந்த பிறகுதான் பேச்சில் கணக்கு புகுந்தது. அம்மாவின் தம்பி. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்கான துணைக்கருவிகளைச் செய்கிற இடம் அது. புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கிற சாதனம் ஒவ்வொன்றும் பல மாடி உயரம் இருக்கும். "அதையெல்லாம் முழுசாகவா அனுப்பினோம்? துண்டு துண்டாக அனுப்பி, போன இடத்தில்தான் பூட்டுவார்கள். பெரிய பொருளைப் பெரிய பொருளாகவே உள்ளே கொண்டுபோக நினைப்பதுதான் தப்பு" என்றார்.

நம் பழைய வீட்டுச் சாமான்களை நினைத்துப் பார்த்தால் மாமா சொல்வது சரிதான். வாசலைவிடப் பெரிய எதையும் அவர்கள் வாசல் வழியாகக் கொண்டுவரவே இல்லை. நெல் கொட்டி வைக்கும் குதிர்களை உறை உறையாகக் கொண்டுவந்து உள்ளே அடுக்கி மண்ணால் பூசினார்கள். கட்டிலின் கால்களையும் சட்டங்களையும் கழற்றலாம். ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வரலாம். இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம் என்று மிரட்டினாலும், ஆழம் இரண்டடிக்குள்தான். பக்கவாட்டில் திருப்பினால் எந்தக் கதவிலும் நுழைந்துவிடும். கோத்ரெஜ் 1958-ல் இந்தியாவில் ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கிய பிறகு வந்த ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ்களும் அப்படித்தான், நெஞ்சளவு உயரம், இரண்டடிக்கு முன்னே பின்னே. எங்கள் பழைய 165 லிட்டர் எந்தச் சத்தமும் இல்லாமல் வீட்டுக்குள் வந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தது. எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் பெருத்துவிட்ட பொருள்கள் இப்போதுதான் வருகின்றன. கதவு மட்டும் தாத்தா காலத்திலேயே நிற்கிறது.

மாமாவின் யோசனைப்படி ஃபிரிட்ஜின் கதவுகளைக் கழற்றிவிடலாம். அப்போது ஆழம் 60 சொச்சத்துக்கு இறங்கிவிடும். மேலே கீலை மூடியிருக்கும் தகட்டை எடுத்து, மின்கம்பி இணைப்பைப் பிரித்து, தண்ணீர்க் குழாய் இருந்தால் அதையும் விடுவித்து, கதவைத் தூக்கியெடுக்க வேண்டும். முடியாத வேலை அல்ல. ஆனால் அதைச் செய்யக் கம்பெனி மெக்கானிக் வர வேண்டும், மற்றவர் கை பட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம் என்று மாமாவே சொல்லி, தம் யோசனையைத் தாமே மடித்து வைத்துவிட்டார்.

சாய்த்துக் கொண்டுபோகலாம் என்றவர்களுக்கு மட்டும் அவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஃபிரிட்ஜின் உயரம் 178 சென்டிமீட்டர். எங்கள் வாசலில் நிலைப்படியின் மேல்விளிம்பிலிருந்து மேல்சட்டம்வரை 183. ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதே என்று தோன்றும். சாய்த்தால் உயரம் குறையும் என்றுதான் நம் கண் நம்புகிறது. ஒல்லியான கம்புக்கு அது பொருந்தும். 91 சென்டிமீட்டர் நீளமுள்ள அடிப்பாகத்தோடு நிற்கிற பெட்டியைச் சாய்த்தால், ஒரு மேல்மூலை முதலில் ஏறுகிறது. 10 டிகிரி சாய்த்தால் உயரம் 191. நேராக நின்றபோது போயிருக்கக்கூடிய பெட்டி இப்போது கஜலட்சுமியில் முட்டும். திரும்பவும் 178-க்குக் கீழே இறங்க வேண்டுமானால் 54 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சாய்க்காதே என்பது ஃபிரிட்ஜ் தூக்குகிறவர்களின் பொதுவிதி. கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அதோடு, சுவர் ஒன்றரை அடித் தடிமன். மெல்லிய சுவரில் செய்கிற வளைத்து நுழைக்கும் வித்தை, சுரங்கம்போல நீண்ட வாசலில் பலிக்காது. ஆகவே பெட்டி நிமிர்ந்தபடி, ஆடாமல், மட்டமாக உள்ளே போக வேண்டும். எடையோ ஏறக்குறைய 100 கிலோ.

சனிக்கிழமை காலையில் லாங்கு பஜார் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற பாய் ஒருவரை மாமா அழைத்து வந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒடிசலான தேகம். அவரோடு மூன்று ஆட்கள். பாய் அளவுநாடாவைக் கேட்கவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, ஃபிரிட்ஜின் பக்கத்தில் வைத்து ஒடித்தார். அதே குச்சியைக் கொண்டுபோய் நிலையின் அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். பழைய நிலை எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கதவையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி, கீழ்க்குடுமியைக் குழியிலிருந்து விடுவித்து, சரித்து எடுத்துத் திண்ணையில் சாய்த்து வைத்தார்கள். எடுக்கும் முன் அம்மாவைப் பார்த்து, "அம்மா, ஒரு மணி நேரத்தில் இப்படியே மாட்டிக் கொடுத்துவிடுவேன்" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மேஸ்திரி சொல்லியிருந்தால் அவருக்கும் காபி கிடைத்திருக்கும்.

பிறகு பாய் வாசலில் நின்று, இரண்டு கைகளையும் பெட்டியின் இருபுறமும் அணைத்ததுபோல வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபிரிட்ஜ் போகும் அம்மா. கை போகாது."

எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. 76-ல் 72 போகும் என்று மாமாவும் நானும் கணக்குப் போட்டு முடித்திருந்தோம். மிச்சம் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். அந்த இடுக்கில் ஒரு மனிதனின் விரல் முட்டி நுழையாது. பக்கவாட்டில் பிடித்துத் தூக்குகிறவனின் கை நிலைக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெட்டியின் அளவு உற்பத்தி செய்தவரிடம் இருந்தது, வாசலின் அளவு எங்களிடம் இருந்தது. தூக்குகிறவனுடைய கையின் அளவை அந்தக் கைக்குச் சொந்தக்காரரைத் தவிர யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அதற்கு அவர் வைத்திருந்த வழி, நவார் கட்டிலுக்குப் பின்னுகிற பட்டையான பருத்தி நாடா. அதை ஃபிரிட்ஜின் அடியில் முன்பின்னாக இரண்டு வரிசை விட்டு, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கைகள் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மட்டும், நிலை பக்கமே போகவில்லை. நிலைப்படி ஐந்தங்குல உயரம். சாய்வுப் பலகை போடலாமே என்று நான் கேட்கப் போனபோது மாமா காகிதத்தைத் தட்டிக் காட்டினார். சாய்வு கூடாது. எனவே வாசலுக்கு வெளியே ஒரு மேடை, உள்ளே ஒரு மேடை. செங்கல்லை அடுக்கி, மேலே கோணியை மடித்துப் போட்டு, படியின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்படி மட்டம் செய்தார்கள். படியின்மேல் பாரம் இறங்கக் கூடாது என்று அம்மா ஒருமுறைதான் சொன்னார். பாய் படிக்கு மேலாக ஒரு பலகையைப் பாலம்போலப் போட்டார். பலகையின் தடிமன் போக மேலே கிடைத்த இடைவெளியைப் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்துவிட்டு இன்னும் மெல்லியதாக ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். மாவிலைத் தோரணத்தையும் அதைக் கட்டியிருந்த ஆணிகளையும் அதற்குள் நான் பிடுங்கி வைத்திருந்தேன்.

உள்ளே போனதை விவரிக்க அதிகம் இல்லை. பாய் "ஏலே" என்று கூடக் கத்தவில்லை. மெதுவாக "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாசல் ஃபிரிட்ஜால் முழுவதும் அடைபட்டு, வெளியே நின்ற எனக்கு வீட்டின் உட்புறமே தெரியாமல் போனது. ஒரு பக்கம் ஏதோ உரசிய சத்தம். அப்புறம் கூடத்தின் வெளிச்சம் தெரிந்தது.

நடையில் ஒரு திருப்பம் இருக்கிறது என்றேன் அல்லவா? கணிதத்தில் இதற்கென்று ஒரு புகழ்பெற்ற புதிர் உண்டு. ஓர் அலகு அகலமுள்ள நடை செங்கோணமாகத் திரும்பினால், அந்தத் திருப்பத்தில் நகர்த்திக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பளவு என்ன? லியோ மோசர் என்ற கணிதவியலர் 1966-ல் கேட்டார். 1992-ல் ஜோசப் கெர்வர் ஒரு வினோதமான வடிவத்தைக் கண்டுபிடித்து 2.2195 என்றார். அதைவிடப் பெரியது இல்லை என்பதற்கான நிரூபணத்தைத் தென்கொரியாவைச் சேர்ந்த ஓர் இளம் ஆய்வாளர் 2024 இறுதியில்தான் வெளியிட்டார். நூறு பக்கங்களுக்கு மேல். சோபாவை நகர்த்துவதற்கு மனிதகுலம் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. கணக்குப் போட்டவர்களின் சோபாவுக்கு உயரமும் இல்லை, எடையும் இல்லை, "சுவரில் படப் போகிறது" என்று பின்னாலிருந்து எச்சரிக்கிற அம்மாவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாயிடம் அதற்கு விடை ஒரே வாக்கியத்தில் இருந்தது. முன்னால் இருந்த ஆள் ஃபிரிட்ஜை வலப்பக்கம் திருப்பப் பார்த்தபோது, "அதை ஏன் திருப்புகிறாய்? நீ திரும்பு" என்றார். நடை நான்கடி அகலம், கூடத்தின் திறப்பும் நான்கடி, கதவு கிடையாது. 91-க்கு 72 உள்ள பெட்டி எந்தப் பக்கமாகவும் அதில் போகும். பெட்டி பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருக்க, ஆட்கள் நால்வரும் இடம் மாறி நின்றுகொண்டார்கள். பெட்டி பக்கவாட்டில் நழுவிக் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

சமையலறைக்குள் அது போகாது என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கதவில் நானே தலை குனிந்துதான் நுழைகிறேன். எனவே கூடத்தில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் ஃபிரிட்ஜ் ஏன் கூடத்தில் நிற்கிறது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்கிற பெருமை ஒரு காரணம், அதன் தலையில் ஒரு சரிகைத் துணியும் பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்து அழகு பார்த்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பெருமையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டேகால் அடி நிலை வைத்த சமையலறைக் கதவுகளும் அதற்குப் பொறுப்பு.

செய்முறை விளக்கம் தர வந்த மெக்கானிக் இடத்தைப் பார்த்துவிட்டு, இதுவே நல்லது என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். உள்ளே இருக்கிற வெப்பத்தை ஃபிரிட்ஜ் தன் பக்கத்தகடுகள் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது, அதனால் சுவரோடு ஒட்டாமல் இடம் விட வேண்டும். உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன், நம் சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய சொந்தம், அளவு குறைவுதான் என்றாலும் தீப்பிடிக்கக்கூடியது. பின்பக்கக் குழாயில் ஆணி அடிக்கவோ, ஐஸைக் கத்தியால் குத்தவோ கூடாது. பின்னால் ஒட்டியிருந்த தாளில் 'டி' என்ற எழுத்தைக் காட்டினார். வெப்பமண்டல வகையாம். அறையின் வெப்பம் 16 டிகிரியிலிருந்து 43 டிகிரிவரை இருந்தால் சரியாக வேலை செய்யும் என்று பொருள். 43-ஐத் தாண்டினால் என்று அம்மா கேட்டார். மெக்கானிக் எங்கள் ஊர்க்காரர்தான், சிரித்துவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கூலி விஷயத்தில் அம்மா பேரம் பேசினார். பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மூட்டைக்கு இவ்வளவு என்று மண்டியில் கணக்கு உண்டு, ஃபிரிட்ஜுக்குக் கணக்கு கிடையாது. பேரம் முடிந்து, கதவுகளை மாட்டி, பாய் இரண்டு கதவையும் திறந்து மூடிக் காட்டிய பிறகு, முதலில் கேட்டதைவிட அதிகமாகவே அம்மா கொடுத்தார். கடை ரசீதில் "டெலிவரி இலவசம்" என்று இருந்தது. இலவசம் என்று எழுதிய இடத்திலிருந்து உள்ளே வருகிற கடைசி ஆறு அடிக்குத்தான் இந்தக் காசு. அந்த ஆறு அடியில்தான் எல்லா அறிவும் தேவைப்பட்டது. பத்து கடையில் ஃபிரிட்ஜ் விற்பவர்களுக்கு, பொருளை ஏற்றி அனுப்பும் முன் இந்த மாதிரி ஒருவரை அனுப்பி ஒரு துடைப்பக்குச்சியால் வாசலை அளக்கச் சொல்ல முடியாதா என்ன? விற்பனையாளருக்குச் சீருடையும் பயிற்சியும் இருக்கின்றன. பாயின் கைபேசி எண்கூட அவர்களிடம் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு வேறொரு கதவை அளந்து பார்த்தேன். அப்பா கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். குளியலறைக் கதவு இரண்டரை அடி நிலை, உள்ளே கிடைப்பது 25. ஓர் அங்குலம். தினமும் காலையில் கதவருகே நாற்காலியை நிறுத்தி, நானும் அம்மாவும் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவருக்கு அது பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்வார். சக்கர நாற்காலி தடையின்றிப் போகக் கதவின் திறப்பு குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று அரசின் கட்டட வழிகாட்டுதலே சொல்கிறது. பொதுக் கட்டடங்களுக்காக எழுதியது. வேலூர் ஆஸ்பத்திரி ஊர். எத்தனையோ பேர் நாற்காலியோடு வீடு திரும்புகிற ஊர். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குளியலறையிலும் அந்த அகலம் கிடையாது. ஃபிரிட்ஜாக இருந்தால் கூடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மாவுக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டது. நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவை அகலப்படுத்தினால் என்ன செலவாகும் என்று அவரே கேட்டார். அதே மேஸ்திரியைத்தான் கூப்பிட்டோம். சுவரைப் பார்த்துவிட்டு, "மூன்றடி வைத்துவிடலாம்" என்றார். "வெளியளவா, உள்ளளவா?" என்று கேட்டேன். அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சட்டமும் கதவும் போக உள்ளே மூன்றடி கிடைக்க வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கீழே படி கூடாது என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எழுதிக்கொண்டார். நல்ல நாள் பார்த்து வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"குளியலறைக்கு என்னப்பா நாளும் கிழமையும்? திங்கட்கிழமையே வந்துவிடு" என்றார் அம்மா.